ஒரே நாற்காலி ஸ்பீக்கர்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல நாற்காலியை இனி யாரும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவர் ஸ்பீக்கர் மாட்ட வந்தவர். கையில் வெள்ளைக் கையுறை, வாயில் பாதிச் சிரிப்பு. அளவு நாடாவைப் பிடித்து, நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் சாக்பீஸால் குறி போட்டார். அந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் ஸ்பீக்கர் முழுசாகப் பேசுமாம். இரண்டு விரல் தள்ளிப்போனால் பாதிதான் பேசுமாம்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் அது முடியாது பார்.

பெட்டியே கிடையாது அக்கா. ஆள் உயரத்துக்கு இரண்டு சட்டம், கதவை நிலையிலிருந்து கழற்றி நிறுத்தி வைத்தது போல. உள்ளே வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு படலம். அது மொத்தமும் ஒன்றாக அதிர்கிறது. மற்ற ஸ்பீக்கரெல்லாம் காதுக்குத்தான் பாடும், இது உடம்புக்கே பாடும், எலும்பு வழியாக உள்ளே போகும் என்றார் கையுறைக்காரர். காரை விற்றுத்தான் வாங்கினேன். லிப்ட் ரிப்பேர்காரன் பஸ்ஸில் வருகிறான் என்று எந்த லிப்டும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளை குருவிக்குக் கேட்கிறது.

ஜனவரியில் அந்த மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதையும் வாரிக்கொண்டு போனதிலிருந்து, எட்டு வயதுப் பிள்ளை சிலேட்டும் கையுமாக அலைகிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷினைப் போட்டால் பிடுங்கி எறிகிறாள். நேற்று சாயந்திரம் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், அவளைப் பார்த்தபடி ரிமோட்டோடு நின்றேன். பாட்டைப் போட்டேன், கையைத் தூக்கினாள். நிறுத்தினேன், இறக்கினாள். மறுபடி போட்டேன், தூக்கினாள். இருபது தடவை அக்கா! ஒன்றுகூடத் தப்பவில்லை. "கேக்குதாடா?" என்று வாயை அசைத்தேன். "கேக்குதுப்பா! நல்லாக் கேக்குது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அவள் அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அதனால் டாக்டர் சொன்ன அந்தக் காது ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பிள்ளையின் மண்டை எலும்பைத் துளைத்துக் கம்பி வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஸ்கேன் எடுக்கக் கொடுத்த தேதிக்கும் போகவில்லை. நீ ஒரு தடவை வந்து உன் கண்ணால் பார்.

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

முதலில் கேலி செய்து முடித்துவிடுகிறேன். ஒரு காரைக் கொடுத்து இரண்டு வெங்காயச் சருகு வாங்கிய முதல் ஆள் நீதான். ஒயர் தரையில் படக்கூடாது என்று அடியில் வரிசையாகக் கட்டை வைத்திருக்கிறாராமே, உன் வீட்டுக்காரி சொன்னாள். பட்டால் ஒயருக்குச் சளி பிடிக்குமா? அந்தக் கையுறை எதற்கு, திருடப் போகிறவன் கைரேகை படாமல் இருக்கவா?

சரி, சிரித்தாயிற்று. இனி நான் எழுதுவதை உட்கார்ந்து படி. அந்த நாற்காலியிலேயே உட்கார்.

இருபத்திரண்டு வருஷமாகக் காது சோதிக்கிற அறையில் இருக்கிறேன். குழந்தைகள் வந்தால் முன்னால் ஒரு கிண்ணம் வைப்போம், கையில் பாசிமணி கொடுப்போம். சத்தம் கேட்டால் ஒரு மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். இந்த வேலைக்கு வந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மிஷினைப் பற்றி அல்ல, முகத்தைப் பற்றி. பட்டனை அமுக்கும்போது பிள்ளை உன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றார்கள். புருவம் அசைந்தால் போதும், கெட்டிக்காரப் பிள்ளை மணியைப் போட்டுவிடும். நான் இன்றைக்கும் ஓர் அட்டையை வைத்து மூக்குக்கு மேலே மறைத்துக்கொள்கிறேன். நீ எங்கே நின்றாய் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

நீ பாட்டுக் கேட்டால் உன் முகம் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். வீட்டில் பல்பே வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, உட்காதில் நத்தைக்கூடு மாதிரி இருக்கிற இடத்துக்குள் எலும்பு வளர ஆரம்பிக்கும். வளர்ந்து அடைத்துக்கொண்டால் கம்பி நுழைய வழி இருக்காது. சிலருக்கு மெதுவாக, சிலருக்கு மளமளவென்று. மூன்று, நான்கு மாதத்துக்குள் வைத்துவிட வேண்டும். ஜனவரியிலிருந்து எண்ணிக்கொள். எத்தனை தடவைதான் சொல்வேன்? செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மாதக் கடைசியில் லீவு போட்டு வருகிறேன். ஒரு பெட்ஷீட்டும் கொஞ்சம் கயிறும் எடுத்து வை.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நீ பஸ் ஏறி மூன்று நாள் ஆகிறது. குருவி இன்னும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கருக்கு முன்னால் பெட்ஷீட்டைக் கட்டினாய். என்னை அதற்குப் பின்னால் நிற்க வைத்தாய். எந்தத் தடவை பாட்டு, எந்தத் தடவை இல்லை என்று முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாய். பத்துத் தடவை அவளைக் கேட்டாய். ஐந்து தடவைதான் பாட்டு ஓடியது. அவள் பத்துத் தடவையும் கையைத் தூக்கினாள். ஒத்துக்கொள்கிறேன். பயந்துபோன பிள்ளை வேறென்ன செய்யும்? ஆஸ்பத்திரிக்காரியின் முகத்தோடு நீ எதிரில் உட்கார்ந்திருந்தால் எனக்கே காது அடைத்துப்போகும்.

அதோடு விட்டாயா? பெட்ஷீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவள் சிலேட்டை எடுத்து, "பாட்டே போடல" என்று எழுதி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாய். அவள் அதைப் படித்த விதத்தை நீ பார்த்தாயா? நான் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு போய் ஸ்பீக்கருக்குப் பின்னால், அந்த ஒயர் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ராத்திரி சாப்பிடக்கூட வரவில்லை. அத்தை என்று ஒரு வாரமாக உனக்காகக் காத்திருந்த பிள்ளை அது.

நான் நின்றால் அவளுக்குக் கேட்கிறது. நீ போன பிறகும் போட்டுப் பார்த்தேன், கேட்கிறது. நாள் முழுக்க லிப்ட் மோட்டார் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான். காது விஷயம் உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதே.

இன்னொன்று. அந்தச் சங்குப் பழமொழியை இந்த வீட்டுக்கு இனி எழுதாதே. நீ யாரைச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடிதத்தை அவளும் எடுத்துப் படித்துவிட்டாள்.

எழுதவும் வேண்டாம், போனும் பண்ண வேண்டாம். ஆபரேஷன் பேச்சு முடிந்தது.

தம்பி


ஜூன் 6

அக்கா,

இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தாயிற்று. நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் வேலையில் ஒரு கூத்து. எங்கள் மேஸ்திரி ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு, "யாராவது ரிப்பேர்காரனைக் கூப்பிடுங்கய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் சாய்ந்து உட்கார்ந்து, காலுறையைக் கழற்றிக்கொண்டே அதை நினைத்தேன். சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்திருந்த குருவி கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

நான் பாட்டுப் போடவில்லை அக்கா. ரிமோட் அலமாரி மேலே இருந்தது. ஸ்கூல் யூனிபாரத்தை இஸ்திரி போட அவள் அம்மா ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். பிளக் தரையில் கிடந்தது.

சிரிப்பை நிறுத்தினேன். கையை இறக்கினாள். வேண்டுமென்றே மறுபடி சிரித்தேன். தூக்கினாள்.

சிலேட்டை எடுத்து, "இப்ப கேக்குதா?" என்று எழுதினேன். பிளக்கைக் காட்டினேன். சிலேட்டையும் பிளக்கையும் பார்த்தாள். பிறகு, "நீ சிரிச்சா பாட்டு ஓடுதுன்னு அர்த்தம்ப்பா. அத்தை வந்தப்ப நீ துணிக்குப் பின்னால போயிட்ட. எனக்கு ஒண்ணும் தெரியல. அதான் எல்லாத்துக்கும் தூக்கிட்டேன்" என்றாள்.

"ஏன்டா சொல்லல?" என்று எழுதினேன்.

"நீ கார வித்துட்டியேப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். மூன்று மாதமாகத் தினமும் வேலை விட்டு வந்ததும் அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறேன். தினமும் எனக்காகக் கையைத் தூக்கியிருக்கிறது அந்தப் பிள்ளை. கை வலித்திருக்குமோ என்னவோ.

நேற்று லீவு போட்டு ஸ்கேன் எடுத்துவிட்டோம். எடுத்தவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நீ எதிரில் இருந்தால் தேவலை என்று இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. திட்டுவதென்றால் திட்டியே எழுது.

தம்பி


ஜூன் 12

தம்பி,

திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். மேலே உள்ள தேதியைப் பார்த்துவிட்டுப் படி.

"ஏப்ரல் 9. தம்பி, நீ எழுதாதே என்றாலும் எழுதுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி சர்ஜனிடம் குருவியைப் பற்றிச் சொல்லி, காலில் விழாத குறையாகக் கேட்டு, ஏப்ரல் இருபதாம் தேதி ஓர் இடம் வாங்கி வைத்திருக்கிறேன். நீ கூட்டிக்கொண்டு வந்தால் போதும், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது வைத்தால் முழுக் கம்பியும் உள்ளே போகும் என்கிறார். சிலேட்டில் எழுதிக் காட்டினது தப்புதான். அதை வைத்து இதை வேண்டாம் என்று சொல்லிவிடாதே."

இதை எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் ஆயிற்று. அப்புறம் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். "உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதே" என்ற இடத்தில் எனக்கு வீராப்பு வந்துவிட்டது. அவனே முதலில் எழுதட்டும், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று மேஜை டிராயரில் போட்டேன். ஏப்ரல் இருபதாம் தேதி அந்த இடத்துக்கு வேறு யாரோ வந்தார்கள். நான்தான் அந்தப் பிள்ளையின் பேரை எழுதிக்கொண்டேன்.

எலும்பைப் பற்றி உனக்குப் பாடம் எடுத்தவள் நான். அது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தே தினமும் அந்த டிராயரைத் திறந்து பேனா எடுத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு பெட்ஷீட்டுக்கு முன்னால், மூன்றாவது தடவை கை தூக்கியபோதே அவளுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அங்கேயே நிறுத்தி, மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். பத்து வரைக்கும் கொண்டுபோனது உன்னை ஜெயிப்பதற்காக. எனக்கும் உனக்கும் சண்டை, நடுவில் உட்கார்ந்து கை தூக்கினது அவள்.

நீ அனுப்பிய ஸ்கேன் படத்தை எங்கள் சர்ஜன் பார்த்துவிட்டார். எலும்பு வளர்ந்திருக்கிறது. எவ்வளவு என்று உள்ளே போனால்தான் தெரியும். அங்கேயே உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் செய்யச் சொன்னார், பயணத்துக்குக்கூட ஒரு வாரம் வீணாக்க வேண்டாமாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம். இருந்தாலும் பிடி.

அக்கா


ஜூன் 29

அக்கா,

ஆபரேஷன் முடிந்தது. வலது காதில் துளைத்துத் துளைத்துப் பார்த்திருக்கிறார்கள், எங்கும் எலும்பு. மூடிவிட்டார்கள். இடது காதில் கம்பி பாதி போனது, அதற்கு மேல் போகவில்லை. பாதிக்கு என்ன கேட்கும் என்று கேட்டேன். ஏதோ கேட்கும் என்றார் சர்ஜன். பேச்சு புரியுமா என்றேன். பார்ப்போம் என்றார். ஒரு மாதம் புண் ஆறிய பிறகு மிஷினை இணைத்துச் சோதிப்பார்களாம்.

உன் ஏப்ரல் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிறகு யோசித்தேன். அது ஏப்ரலிலேயே வந்திருந்தால் பிரித்திருப்பேனா? சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் உன்னைத் திட்டவும் வழியில்லாமல், மன்னிக்கவும் மனசில்லாமல் இருக்கிறேன். குருவியின் அம்மா உன் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். என் பேரை எடுத்தாலும் போய்விடுவாள், என்ன செய்வது, நான் அதே வீட்டில் இருக்கிறேன்.

கையுறைக்காரருக்குப் போன் பண்ணி ஸ்பீக்கரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வந்தார். பிள்ளைக்குக் கேட்கவே இல்லை என்றேன். ஒயரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் தடிமனான ஒயர் போட்டுப் பாக்கலாமே சார்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து அறையில் கட்டுப் போட்ட தலையோடு இருக்கும் குருவி பார்த்துவிட்டுக் கையைத் தூக்குவாளோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். இனிமேல் வீட்டில் எதற்குச் சிரிப்பது என்றே பயமாக இருக்கிறது.

ஸ்பீக்கரை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை, இங்கேயேதான் நிற்கிறது. அதன் மேல் துணி காயப்போடுகிறார்கள். சாக்பீஸ் குறியை நான் துடைத்துவிட்டேன்.

நீ இப்போது வர வேண்டாம்.

தம்பி


ஜூலை 8

தம்பி,

வரவில்லை. நீ சொல்லும் வரை வர மாட்டேன்.

சோதனை அன்றைக்கு ஒரு விஷயம் மட்டும். உன்னையும் உள்ளே உட்கார விடுவார்கள். மிஷின் ஓடும்போது நீ அவளைப் பார்க்காதே. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார். எத்தனை மணி விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, திரும்பாதே. அவளுக்குக் கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல்ல முதல் தடவையாக ஓர் இடம் கிடைக்கட்டும். அதை நாம் இரண்டு பேரும் அவளுக்குக் கொடுக்கவே இல்லை.

குருவியிடம் அத்தை கேட்டதாகச் சொல். அவளுக்குப் பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்கா,

நேற்று சோதனை. நீ சொன்னபடியே செய்தேன்.

சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்தது. சோதிக்கிற அம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். உன்னைப் போலவே மூக்குக்கு மேல் அட்டையைப் பிடித்துக்கொண்டார். குருவிக்கு முன்னால் எவர்சில்வர் கிண்ணம், பக்கத்தில் ஒரு டப்பா நிறைய கண்ணாடி மணி. பத்துச் சத்தம் கொடுப்பேன், கேட்டால் போடு என்று அவளுக்கு எழுதிக் காட்டினார். நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

எனக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே. ஒவ்வொரு சத்தமும் கேட்டது, தூரத்தில் யாரோ விசில் அடிப்பது போல. ஒவ்வொன்றுக்கும் பிறகு கிண்ணத்தில் மணி விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். முதலாவது விழவில்லை. இரண்டாவது விழவில்லை. மூன்றாவதுக்கு, "டிங்" என்றது. எழுந்துவிடப் பார்த்தேன், உன் கடிதம் ஞாபகம் வந்து உட்கார்ந்தேன். அப்புறம் விட்டு விட்டு. பத்தாவதுக்குப் பிறகு ரொம்ப நேரம் அமைதி. மொத்தம் நாலு.

ஆறு தடவை அந்தப் பிள்ளை கையில் மணியை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். ஆறு தடவையும் உண்மையைச் சொல்லியிருக்கிறாள் அக்கா. அழுகை வந்தாலும், உள்ளுக்குள் அது ஒரு ஆறுதலாக இருந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா அட்டையைக் கீழே வைத்து, மிஷினை அணைத்துவிட்டு, ஏதோ எழுத ஆரம்பித்தார். குருவி வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். கிண்ணம் கையில் இருந்தது.

"நாலுதான்ப்பா விழுந்துச்சு. டொக்கு டொக்குன்னு என்னமோ கேட்டுச்சு. நீங்கல்லாம் பேசறது வரல." என்னையே பார்த்தாள். "பரவால்லியாப்பா?"

"பரவால்லடா" என்றேன். வாயை நன்றாக அசைத்துத்தான் சொன்னேன். சிரித்தும் காட்டினேன்.

ஆனால் அவளிடம் என் முகம் செல்லுபடியாகாது. மூன்று மாதம் அதைப் பார்த்தேதானே பாட்டுக் கேட்டாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மேஜைக்குப் போய், டப்பாவிலிருந்து இன்னொரு மணியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"அஞ்சுப்பா" என்றாள்.

தம்பி